கழியில் செருகிய தலை: 'டூம்' கோப்பைப் பிரித்து வாசித்தல்

ஆசிரியன் செத்துட்டான்னு நாம பேச ஆரம்பிச்சு முப்பது வருஷத்துக்கு மேலாச்சு. ரொலான் பார்த் 1967இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையை வைத்துக்கொண்டு சிறுபத்திரிகைகளில் எவ்வளவு சண்டை! ஆனால் பிணத்தை யாரும் காட்டியதில்லை. எனக்கு ஒரு பிணம் கிடைத்தது. சரியாகச் சொன்னால் ஒரு தலை. ஒரு கணினி விளையாட்டின் கோப்புக்குள் அதைக் கழியில் செருகி வைத்திருந்தார்கள்.

விளையாட்டு 'டூம் 2'. அமெரிக்க நிறுவனமான இட் சாஃப்ட்வேர் 1994இல் வெளியிட்டது. முதல் 'டூம்' 1993 டிசம்பரில் வந்தது. கையில் துப்பாக்கி, எதிரே பேய்கள், சுடு. கதையாடல் என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கோப்பைப் பிரித்து, உள்ளேயிருக்கும் படங்களையும் ஒலிகளையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் பார்த்தால் கிடைக்கிற பிரதி வேறு.

இவர்கள் நிரலைத் தனியாகவும், படம், ஒலி, வரைபடம் அனைத்தையும் 'வாட்' என்ற கோப்பில் தனியாகவும் வைத்தார்கள். ஏன்? 1992இல் வந்த 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யை ஆடியவர்கள் அதன் கோப்புகளை உடைத்துத் தங்கள் படங்களை மேலே எழுதிவிட்டிருந்தார்கள். நாஜி எதிரி நிற்க வேண்டிய இடத்தில் குழந்தைகள் நிகழ்ச்சியின் ஊதா டைனோசர்! அதைப் பார்த்த நிரலாளர் ஜான் கார்மக், அடுத்த விளையாட்டில் உடைக்காமலேயே மாற்றுவதற்குத் தோதாகக் கோப்பை அமைத்தார். நிறுவனத்துக்குள்ளேயே இதற்கு முணுமுணுப்பு இருந்தது. வாசகன் முதலில் சுவரேறிக் குதித்தான். அதற்கப்புறம்தான் கதவு வைத்தார்கள். இந்த வரிசையை மாற்றி, நிறுவனத்தின் தாராள மனசு என்று யாராவது வரலாறு எழுதினால் நம்ப வேண்டாம்.

'ஸ்லேட்' என்கிற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தேன். முதல் நான்கு எழுத்து 'ஐவாட்' அல்லது 'பிவாட்'. முன்னது நிறுவனம் விற்றது. பின்னது கிழிசலில் போடுகிற ஒட்டு மாதிரி, வாசகர்கள் செய்வது. ஒட்டில் அதே பெயரில் ஒன்று இருந்தால், நிரல் மையத்தை விட்டுவிட்டு ஒட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். மையம் / விளிம்பு என்று நாம் மாய்ந்து மாய்ந்து எழுதியதை இங்கே கோப்பின் இலக்கணமாகவே வைத்திருக்கிறார்கள். (ஸ்பிரைட் எனப்படும் உருவப்படங்களை மட்டும் அசல் நிரல் இப்படி லேசில் மாற்ற விடவில்லை. அதற்கும் வாசகர்களே கருவி எழுதினார்கள்.)

உள்ளே ஒரு பட்டியல். ஒரு உருப்படிக்குப் பதினாறு பைட்: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர். செய்தவர் யார் என்பதற்கு அந்தப் பதினாறில் ஒரு பைட்கூட ஒதுக்கப்படவில்லை.

ஒரு சிப்பாயை வெளியே எடுத்தேன். எட்டுத் திசையிலிருந்தும் பார்க்கத்தக்க அவனுக்கு வரைந்திருப்பது ஐந்து பக்கந்தான். மீதி மூன்றும் கண்ணாடிப் பிம்பம். ஆகவே நாம் சுற்றிவரும்போது அவன் துப்பாக்கி கை மாறிவிடுகிறது. ஆடும்போது இது கண்ணில் படுவதேயில்லை. படத்துக்குச் சொந்தமாக நிறமும் கிடையாது. வெறும் எண்கள், 0 முதல் 255 வரை. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது வேறொரு உருப்படியில் இருக்கிறது. பலர் சேர்ந்து ஆடும்போது நம் வீரனின் பச்சைக்குரிய பதினாறு எண்களை வேறு எண்களுக்கு மாற்றிவிட்டால் போதும், அதே உடம்பு பகைவனாகிவிடும். 'மற்றமை' பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இங்கே அது பதினாறு எண்கள்.

பேய்கள் சிலவற்றை ஏட்ரியன் கார்மக்கும் சிற்பி கிரெகர் பன்சாட்ஸும் உருவமாகப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். துப்பாக்கிகளில் பொம்மைத் துப்பாக்கியும் உண்டு. ஒலிகள் பலவும் விலைக்குக் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளிலிருந்து எடுத்தவை. நரகத்து உறுமலைத் தனியாக எடுத்துக் கேட்டால், அட, ஒட்டகம்! பிரிக்கப் பிரிக்கப் பயம் போய் வேலை தெரிகிறது, வேலை செய்த கை தெரிகிறது. இந்த வாசிப்பில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இப்போது அந்தத் தலை. அதற்கு இரண்டே படம்: ஒன்று சும்மா இருக்கையில், இன்னொன்று அடிபடுகையில். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு பூதாகரமான முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நெற்றி ஓட்டைக்குள் ராக்கெட் விட்டு வெல்பவன், தான் எதைச் சுட்டோம் என்று பார்ப்பதில்லை. சுவரைத் தாண்டும் குறுக்குவழி தெரிந்தவனுக்கும், கோப்பைப் பிரித்தவனுக்குமே அது தெரியும். தலைக்குச் சொந்தக்காரர் ஜான் ரொமேரோ, விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். ஓவியர்கள் வேடிக்கைக்காக அவர் தலையைச் செருகினார்கள். கண்டுபிடித்த அவர் பதிலுக்குத் தன் குரலைச் சேர்த்தார். அந்த ஒலியை உருவி எடுத்துத் தலைகீழாக ஓட்டினால், ஆட்டத்தை வெல்ல வேண்டுமானால் என்னைக் கொல்ல வேண்டும் என்று பெயர் சொல்லிப் பேசுகிறார்.

பார்த் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நாம் சிரிக்க வேண்டியதில்லை. முதலாவது, இங்கே கொலையே ஆசிரியன் இட்ட கட்டளை. வாசகன் அதை நிறைவேற்றுகிறான், அவ்வளவுதான். இரண்டாவது இதைவிட முக்கியம்: தலை இப்ப யாருடையது? ரொமேரோ 1996இல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 2009இல் ஸெனிமேக்ஸ் அதை வாங்கியது. 2021இல் ஸெனிமேக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கழியில் இருக்கும் முகம் ரொமேரோவுடையது, படத்தின் உரிமை மைக்ரோசாஃப்ட்டுடையது. செத்தது ஆசிரியன், உடைமையாளன் அல்ல. இரண்டு பேரையும் ஒருத்தன்னு நினைச்சு நாம ஒருத்தனுக்கு மட்டும் கருமாதி பண்ணிட்டோம். நான் எழுதிய பழைய கட்டுரைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசக உழைப்பு என்ன ஆச்சு என்பதற்கும் சான்று உண்டு. 'டீம் டிஎன்டி' என்ற ரசிகர் குழு கூடிச் செய்த ஒட்டுக்கோப்பு, 1995 இறுதியில் இலவசமாக வெளிவர இருந்த தறுவாயில் விலைபேசப்பட்டு, 1996இல் 'ஃபைனல் டூம்' என்ற பெயரில் கடைச்சரக்கானது. காத்திருந்த மற்ற ரசிகர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் செய்தவர்கள் காசு வாங்கியதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1997இல் நிரலின் மூலத்தை வெளியிட்டார்கள். 1999இல் அது பொதுவுரிமத்துக்கு வந்தது. படமும் ஒலியும் வரவில்லை. உருவி எடுத்துப் பார்க்கலாம், படிக்கலாம். இன்னொருவருக்குக் கொடுத்தால் திருட்டு. இந்த இடைவெளியில்தான் 'ஃப்ரீடூம்' பிறந்தது. 2000களின் தொடக்கத்திலிருந்து முகந்தெரியாத பலர் சேர்ந்து ஒவ்வொரு உருவத்தையும், அசைவையும், ஒலியையும் புதிதாகச் செய்து வருகிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அசலிலிருந்து ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது என்பது விதி. பழைய கோப்பைப் பிரித்து அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது, எந்த உருவத்துக்கு எத்தனை அசைவு, எத்தனை திசை என்ற கணக்கு. அப்புறம் அந்த எட்டெழுத்துப் பெயர். அது மட்டும் பழசாகவே இருக்கிறது. நிரல் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும்.