நுணாவும் மஞ்சள் வயலட்டும்

பாகூர்ப் பக்கத்து வேலிகளில் நுணா பூக்கும் காலத்தில் ஒரு கிளையை வளைத்துப் பார்க்க வேண்டும். பச்சை உருண்டையாகச் சிறு தலை. அதிலுள்ள மொட்டுகள் எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று என்று பளீர் வெள்ளையில், நல்ல மணத்தோடு அங்கொன்றும் இங்கொன்றுமாக மலரும். பச்சை முகத்தில் பல் தெரிவது போலிருக்கும். தன் நூலொன்றுக்குக் கவிஞர் வாணிதாசன் ‘சிரித்த நுணா’ என்று பெயர் வைத்தார். எவ்வளவு துல்லியமான கண்!

அரங்கசாமி என்ற இயற்பெயர் கொண்ட வாணிதாசன் 1915-ல் வில்லியனூரில் பிறந்தவர், பாகூர் அருகே சேலியமேட்டில் வாழ்ந்தவர், பாரதிதாசனின் மாணவர். பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் பிறந்து, பிரெஞ்சும் கற்று, பள்ளி ஆசிரியராக இருந்த மனிதர். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 39. ஆட்சி மாறிய மண்ணில் இருந்துகொண்டு அவர் பெயர் சூட்டிப் பாராட்டியது தாமரையை அல்ல, ரோஜாவை அல்ல; விறகுக்கு வெட்டும் வேலி மரத்தை. பிள்ளைகள் இதன் காயில் ஈர்க்குச்சி செருகித் தேர் செய்வார்கள். அதற்குமேல் இந்த மரத்தை யார் பெருமைப்படுத்தினார்கள்?

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட் நினைவுக்கு வருகிறார். 1821-ல் அவர் வெளியிட்ட மெல்லிய நூலில் எட்டே கவிதைகள். முதலாவது ‘யுகங்கள்’. மனித வரலாற்றையெல்லாம் கடந்து வந்து புதிய அமெரிக்காவில் முடியும் நெடும் பாட்டு; ஹார்வர்டில் சான்றோர் அவையில் படித்தது. தேச வளர்ச்சியை நேராகச் சொன்ன கவிதை அதுதான். அதே நூலில் ‘மஞ்சள் வயலட்’ என்றொரு சிறு கவிதையும் இருக்கிறது. பனி முழுதாக விலகாத ஏப்ரலில், மற்றப் பூக்கள் எழுமுன் தரையோடு தரையாகத் தலை காட்டும் பூ அது. ஆங்கிலக் கவிதைகளில் மணத்த வயலட் ஊதா நிறம். இதுவோ அமெரிக்கக் காட்டுக்கே உரியது. தன் வீட்டுப் பக்கம் ஓடிய ‘பச்சை ஆறு’ம் அந்த நூலில் இடம்பெற்றது. அமெரிக்கா வளர்ந்ததை ‘யுகங்க’ளைவிட இந்தச் சிறு பூவில்தான் நான் அதிகம் காண்கிறேன். லண்டன் நூல்களிலிருந்து கண்ணை எடுத்துக் காலடி மண்ணைப் பார்க்க ஒரு கவிஞனுக்குத் துணிவு வந்துவிட்டது அல்லவா?

வாணிதாசனைத் ‘தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்’ என்பார்கள். அன்பில் சொன்னது, இருக்கட்டும். நான் அவரைப் பிரையன்ட் பக்கத்தில் உட்கார வைப்பேன். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரையன்ட் நடந்த காட்டில், அவர் மொழியில் அவருக்கு முன் பாடியவர் அரிது. வாணிதாசனின் வேலி மரத்துக்கோ ஐங்குறுநூற்றிலேயே இடமுண்டு. இளவேனிற்பத்தில் அதன் பெயர் நுணவம். கரிய அடிமரம், வண்டு களித்து ஆடும் பெருங்கிளை, எங்கும் கமழும் மணம்; பருவம் வந்துவிட்டது, அவர்தாம் வரவில்லை என்று ஒரு பெண் ஏங்குகிறாள். சேலியமேட்டு ஆசிரியர் சிரிக்கக் கண்டதும் அதே மரத்தைத்தான்.