மறுத்தல் ஒரு படியா? துக்கத்தின் படிநிலைகள் குறித்து

மறுத்தல், கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. துக்கம் இந்த ஐந்து படிகளில்தான் நடக்கும் என்று ஆலோசனை மையங்களிலும் வார இதழ்களின் மனநலப் பக்கங்களிலும் ஒப்பிக்கிறார்கள். இதை நான் ஒரு கதையாடலாகவே வாசிக்கிறேன். தொடக்கம், முரண், உச்சம் எல்லாம் உண்டு, முடிவும் சுபம்.

இதன் மூலப்பிரதி எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூல். அதில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிகாகோ மருத்துவமனையில் தம் சாவை எதிர்நோக்கிக் கிடந்த நோயாளிகள். போகிறவர் பேச்சை எடுத்து, இருக்கிறவர் தலையில் கட்டியாயிற்று. அவர் இறந்த பின் 2005இல் வந்த, டேவிட் கெஸ்லரோடு சேர்ந்து எழுதிய நூலிலேயே, எல்லோரும் இவற்றை வரிசையாகக் கடப்பதில்லை என்ற விளக்கம் இருக்கிறது. யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

2007இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உறவை இழந்த 233 பேரின் தரவுகளை வைத்து இந்த வரிசையைச் சோதித்தார்கள். ஒவ்வோர் உணர்வின் உச்சமும் ஏறத்தாழ வரிசைப்படி வந்ததாகக் காட்டினார்கள். ஆனால் கடைசிப் படி எனப்பட்ட ஏற்புதான் ஆரம்பத்திலிருந்தே மேலோங்கியிருந்தது. துயர உணர்வுகளில் முன்நின்றது ஏக்கம். அந்த ஐந்தில் ஏக்கத்துக்கு இடமே இல்லை!

விலங்குகளிடம் போனால் இந்த அட்டவணை இன்னும் தடுமாறுகிறது. 2018இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் ஜே35 என்ற ஓர்கா திமிங்கலம், பிறந்து அரைமணி நேரத்தில் செத்துப்போன குட்டியை 17 நாள், சுமார் 1,600 கிலோமீட்டர் சுமந்து திரிந்தது. பிறகு விட்டுவிட்டது. உடனே ‘ஏற்பு’ என்று எழுத நமக்குக் கை துறுதுறுக்கும். அதே ஓர்கா 2025 ஜனவரியில் இறந்துபோன இன்னொரு குட்டியைச் சுமந்தது. அதன் மனதுக்குள் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. தெரிவது சுமத்தல் மட்டுமே. அதற்குப் படி வகுப்பதும், ‘வெறும் இயல்பூக்கம்’ என்று தள்ளுவதும் ஒரே மனித அதிகாரத்தின் இரண்டு கைகள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வேறொரு வாசிப்பைத் தருகிறது. பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அழுகை பிறக்கும் களங்களாக அது சொல்வது நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவை ஏறிக் கடக்கிற படிகள் அல்ல. ஒரே கண்ணீரில் நான்கும் கலந்து கிடக்கலாம். இழவுக்குப் பக்கத்திலேயே அவமானமும் வறுமையும் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்துபடிக் கதையாடல் துக்கத்தைத் தனிமனித மனதுக்குள் பூட்டும்போது வெளியே தள்ளுவது இவற்றைத்தான்.

வெளியே தள்ளுவதால் யாருக்கு லாபம்? 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தெருவோரம் உட்கார்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பெரும்பாலோர் தாய்மார்கள். 2020 ஜனவரியில் அன்றைய இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் கொடுக்கப்படும் என்றார். எங்கே, யார் கையில் ஒப்படைத்தோம் என்று கேட்கிற தாயிடம், ‘ஏத்துக்கிட்டு ஆகவேண்டியதப் பாரும்மா’ என்பதுதான் இதன் பொருள்.

ஐந்துபடிக் கணக்கில் இந்தத் தாய்மார்கள் இன்னும் முதல் படியிலேயே நிற்கிறார்கள். ஆனால் தமிழில் ‘மறுத்தல்’ என்பது உண்மையைக் காண மறுப்பது மட்டுமல்ல, கொடுப்பதை வாங்க மறுப்பதும்தான். சான்றிதழை வாங்க மறுக்கிற கைக்கு மனநல ஆலோசனை சொல்லுமுன், அந்தச் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.