ஒரே வேலை தெரிந்த பெட்டி

எங்கள் கூடத்து அலமாரியில் ஒரு பலா மரப் பெட்டி இருக்கிறது. முகப்பில் ஒரு குமிழ், பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சின்னத் திரை. குமிழைத் திருகினால் திரையில் ராகங்களின் பெயர் நகரும், அழுத்தினால் பாடும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது. நான் செய்ததுதான் என்று சொன்னால் விருந்தாளிகள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "அதான் போன்லயே எல்லாம் இருக்கே?" என்பார்கள்.

இருக்கிறதுதான். ஆனால் தோடி ஆலாபனை மெல்ல மெல்ல மேலே ஏறி, தார ஷட்ஜத்தைத் தொடப்போகிற இடத்தில் கூரியர்க்காரர் கூப்பிட்டு, "சார், பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்தா?" என்று கேட்டால் என்ன ஆகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். பாட்டு திரும்பி வரும், மனசு வராது. எனக்கு வேண்டியிருந்தது புத்திசாலிக் கருவி இல்லை. பாடுவது தவிர வேறெதற்கும் லாயக்கில்லாத ஒன்று.

கடையில் வாங்கியிருக்கலாமே என்றால், அதிலும் ஒரு சங்கடம். இந்த வகைப் பெட்டிகளில் பேர்போனது ஸ்க்வீஸ்பாக்ஸ். லாஜிடெக் நிறுவனம் 2012இல் அந்த வரிசையை நிறுத்திக்கொண்டது. அதன் சர்வர் மென்பொருள் மட்டும் திறந்த மூலமாக இருந்ததால் பிழைத்தது. ரசிகர்கள் அதை இன்றும் லிரியான் என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் செய்த பெட்டிக்கு இந்தப் பயம் இல்லை. எது செத்தாலும் அதை மட்டும் மாற்றலாம்.

என் பெட்டிக்குள் இருப்பது ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜ்காரர்கள் 2012 பிப்ரவரி 29 அன்று வெளியிட்ட கணினி. அப்போது விலை 35 டாலர், அளவு சீட்டுக்கட்டு. பாட்டுக்காகப் பிறந்ததல்ல என்பது அதன் இயர்போன் துளையில் கேட்டாலே தெரியும். விளக்கைப் படபடவென்று அணைத்து ஏற்றினால் கண்ணுக்கு மங்கல் வெளிச்சமாகத் தெரியுமே, அதே உபாயத்தால் அது ஒலியை ஒப்பேற்றுகிறது. தனியாவர்த்தனம் முடிந்து மௌனமாகும் கணத்தில் பின்னால் ஒரு இரைச்சல் நிற்கும். 2023இல் வந்த ஐந்தாம் பையில் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

நல்ல வழி பலகையின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே 40 ஊசிகள் நிற்கின்றன. அவற்றில் 12, 35, 40 ஆகிய மூன்று ஊசிகள் இசைக்குப் போதும். 1986இல் பிலிப்ஸ் வகுத்த ஐ-ஸ்கொயர்-எஸ் முறையில், ஒரு கம்பி இசையை எண்களாகக் கொண்டுபோகிறது. இன்னொன்று இது இடது காதுக்கு, இது வலது காதுக்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. மூன்றாவது கம்பி தாளம் போடுகிறது. எண்களை மறுபடி ஒலியாக்கும் டாக் பலகை இந்த ஊசிகளின் மேல் தொப்பிபோல உட்காரும். என்னுடையதில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.சி.எம். 5122 என்ற சிப். சின்ன விரல் நகத்தைவிடச் சிறியது.

தாளம் என்று சொன்னேனே, ரசிகன் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள். இந்த விநோதமான எண் இசையிலிருந்து வந்ததே இல்லை. டிஜிட்டல் ஒலியை ஆரம்பத்தில் வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரி, 245 வரி, நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொலைக்காட்சிக் கணக்கு இன்றும் நம் செம்மங்குடியையும் எம்.எஸ்.ஸையும் அளந்துகொண்டிருக்கிறது. பழைய பைகளில் இருக்கும் படிகமோ நொடிக்கு 1 கோடியே 92 லட்சம் முறை துடிப்பது. அதை எப்படி வகுத்தாலும் 44,100 முழுசாக வராது. ஆகவே ஒரு முறை கொஞ்சம் முந்தி, ஒரு முறை கொஞ்சம் பிந்தி, சராசரியில் சரிக்கட்டுகிறது. ஆவர்த்த முடிவில் சமத்துக்கு வந்துவிடுகிறார், நடுவில் கை தடுமாறுகிறார் என்று ஒரு தாளக்காரரைப் பற்றிச் சொன்னால் எப்படி இருக்கும்?

இதற்கு வைத்தியம், டாக் பலகையிலேயே இரண்டு படிகங்களை வைத்து, தாளம் போடும் பொறுப்பைப் பையிடமிருந்து பிடுங்கிக்கொள்வது. ஒன்று 22.5792 மெகாஹெர்ட்ஸ், சரியாக 44,100இன் 512 மடங்கு. மற்றது 24.576, அது 48,000 குடும்பத்துக்கு. காதுக்கு வித்தியாசம் கேட்டதா என்றால், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மிச்சமில்லாமல் வகுபடும் கணக்கில் ஒரு அழகு இருக்கிறது. கோலத்தில் புள்ளியும் இழையும் பொருந்தி முடிவதுபோல. அதற்காகவே கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தேன். வெள்ளிக் கம்பி, தங்கமுலாம் பூசிய நெட்வொர்க் கேபிள் என்று விற்கும் மந்திரவாதிகளிடம் மட்டும் பர்ஸைத் திறப்பதில்லை.

மின்சாரத்தின் கதை வேறு. அது கேட்கும், நன்றாகவே கேட்கும். போன் சார்ஜரைத் தூக்கிப்போட்டுவிட்டு வளைய டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், உருளைக் கெப்பாசிட்டர்கள், ரெகுலேட்டர் என்று பழைய பாணியில் ஒரு சப்ளை கட்டினேன். ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து வாங்கியவை. கட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டால், 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பாடகரின் சுருதியோடு சேராத இரண்டாவது தம்புரா. எட்டு நாள் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகித்தேன், ரெகுலேட்டரைச் சந்தேகித்தேன், என் சால்டரிங்கைக்கூடச் சந்தேகித்தேன். குற்றவாளி சுவர். பெட்டி ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்ச்சுவர் பிளக்கிலும் இருந்தன. இரண்டு எர்த்தும் ஒரு வளையமாகி முனகியிருக்கின்றன. இரண்டையும் ஒரே பலகையில் செருகினேன். நின்றுவிட்டது. எட்டு நாள் உழைப்புக்கு ஒரு நொடித் தீர்வு.

கரண்ட் போவது இன்னொரு தொல்லை. கணினியை முறையாக நிறுத்தாமல் மின்சாரம் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். எனக்கு மூன்று கார்டு போயிற்று. பிறகுதான் கார்டைப் படிக்க மட்டும் முடிகிறபடி பூட்டிவிட்டு, பாட்டுகளைத் தனி டிஸ்கில் வைத்தேன். இப்போது கரண்ட் எத்தனை முறை போனாலும் கவலையில்லை. வந்ததும் இருபது நொடியில் எழுந்துகொள்ளும். பழைய வால்வு ரேடியோ சூடேற எடுத்துக்கொண்ட நேரம்.

பாடவைப்பது எம்.பி.டி. என்ற நிரல். 2003இலிருந்து இருக்கிறது. அதற்கு முகமே கிடையாது. பின்னால் உட்கார்ந்து சொன்னதைச் செய்யும். டிராக்குகளை இடைவெளி விடாமல் ஒட்டிப் பாடும் அதன் பெருமை ராகம் தானம் பல்லவியில் தெரியும். சிடியில் ஆலாபனை ஒரு டிராக், தானம் ஒன்று, பல்லவி ஒன்று என்று வெட்டியிருப்பார்கள். எம்.பி.3 ஆக்கினால் 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களில் இசையை அடைக்க வேண்டும். கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் மௌனத்தை வைத்து நிரப்பும். தானத்திலிருந்து பல்லவிக்குத் தாவும் இடத்தில் ஒரு விக்கல் விழும். ஃப்ளாக் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு துளியும் இழக்காமல் சுருக்குகிறது. சிடியின் ஒரு மணி நேரம் 635 எம்.பி.; ஃப்ளாக்கில் பெரும்பாலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தனி வீணை நன்றாகச் சுருங்கும். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வருகிற பழைய மோனோ பதிவுகள் இன்னும் நன்றாகச் சுருங்கும். விடாமல் உரக்க முழங்கும் இந்தக் காலத்துச் சினிமாப் பாட்டு சுருங்கவே மறுக்கும். கோப்பின் அளவைப் பார்த்தே பாட்டு எவ்வளவு மூச்சு விடுகிறது என்று ஊகிக்கலாம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

பெட்டி கட்ட ஒரு மாதம். பெயர் வைக்க ஒன்றரை வருஷம். கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மேல்நாட்டு அடுக்கில் நம் சங்கீதம் உட்காராது. ராகம் எங்கே போகும்? தாளம்? சாகித்தியகர்த்தாவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, சரி. பாடினவர், வயலின், மிருதங்கம், கடம் எல்லாரும் ஒரே வரியில் முட்டிக்கொள்கிறார்கள். ஃப்ளாக்கில் நமக்கு வேண்டிய பெயரில் புதுக் கட்டம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எம்.பி.டி. தனக்குத் தெரிந்த கட்டங்களை மட்டுமே படிக்கும். கடைசியில் 'தொகுப்பு' என்று பொருள்படும் ஒரு காலிக் கட்டத்தில் ராகத்தைக் குடியேற்றினேன். அதுவரை ஆங்கில எழுத்தில் தோடி மூன்று விதமாகவும் சங்கராபரணம் ஆறு விதமாகவும் கிடந்தன. எல்லாவற்றையும் தமிழிலேயே தட்டினேன். குமிழைத் திருகும்போது ஆனந்தபைரவி, ஆபேரி, கரகரப்ரியா என்று அவை தமிழில் ஓடுவதைப் பார்க்கத்தான் இவ்வளவும் செய்தேனோ என்று தோன்றும்.

முதலில் செய்தது அலுமினியப் பெட்டி. அழகாகத்தான் இருந்தது, ஆனால் உலோகம் வைஃபையைத் தடுத்தது. பிறகு தெரிந்த ஆசாரி ஒருவரிடம் பலாப் பலகைத் துண்டு வாங்கினேன். வீணை செய்யும் மரம் என்பதில் எனக்கொரு அசட்டுத் திருப்தி. ஒலிக்கும் அதற்கும் இங்கே சம்பந்தமே கிடையாது. குமிழுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். மலிவான குமிழின் உள்தகடுகள் ஒரு திருப்பத்தில் பலமுறை துள்ளும். நிரல் அதை நாலு சொடுக்காக எண்ணி, மோகனத்தில் நிற்க வேண்டியது முகாரிக்குப் போய்விடும். சில மில்லிநொடி பொறுத்து எண்ணச் சொன்னதும் அடங்கியது. இப்போது திருகினால் 'டக், டக்' என்று விரலுக்குத் தெரிகிறது. இருட்டில்கூட, ஏழு சொடுக்கு தள்ளினால் காம்போதி.

சபாவில் தம்புரா போடுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. சுருதி விலகினால்தான் தலை திரும்பும். என் பெட்டியும் இப்போது அந்த நிலைக்கு வந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. போன வாரம் அம்மா மட்டும் சாயங்காலம் அதன்முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குமிழை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தாள். தானாகவே ஒரு கீர்த்தனையைத் தேடி எடுத்தாள். முழுசாகக் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

"நன்னாத்தான் இருக்கு," என்றாள். "இதுல ரேடியோ வராதாடா?"

40 ஊசிகளில் பாதிக்கு மேல் இன்னும் சும்மாதான் இருக்கின்றன. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும்.