தனக்குத் தானே பின்பாட்டு

'இண்டி ஃபோக்' என்ற பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபோக் என்றால் மக்கள். யார் கட்டினார் என்று தெரியாமல், வாய்க்கு வாய் மாறி, ஆளுக்கொரு வரி கூட்டியும் விட்டும் பாடிப் பாடிப் பழசான பாட்டு. நாம் நாட்டார் பாடல் என்கிறோமே, அந்த 'நாட்டார்' ஒரு ஆளைக் குறிக்கிற சொல் இல்லை. இண்டி என்பதோ இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராத சின்ன லேபிள்களுக்கு வந்த பெயர், போகப்போக யாரையும் சாராமல் ஒதுங்கி நிற்கிற ஒரு மனநிலைக்கும் பெயராகிவிட்டது. ரெண்டையும் சேர்த்துப் படித்தால் 'யாரையும் சாராத ஊர்ப்பாட்டு' என்று வருகிறது. சாராமல் எப்படிங்க ஊர்?

வழக்கமாக இதன் வரலாற்றைக் கிட்டார் வழியாகச் சொல்வார்கள். பாப் டிலன், நிக் டிரேக், அப்புறம் தாடி, கட்டம் போட்ட சட்டை, பனி விழும் காடு. எனக்கு இது டேப் ரெக்கார்டரின் வரலாறாகத்தான் படுகிறது. மென்பொருள்காரன் புத்தி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

1933இல் ஜான் லோமாக்ஸும் அவருடைய 18 வயது மகன் ஆலனும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகத் தென் மாநிலங்களில் பாட்டுச் சேகரிக்கக் கிளம்பினார்கள். காரில் ஏற்றிக்கொண்டு போன பதிவுக் கருவி 140 கிலோ கனம். லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட் பெல்லியைக் கண்டுபிடித்தது அந்தப் பயணத்தில்தான். அந்தக் காலத்தில் பாட்டு ஒரு இடத்தில் இருந்தது. சிறையில், பருத்திக்காட்டில், தேவாலயத்தில். மெஷின் அங்கே போக வேண்டியிருந்தது.

அடுத்த கட்டம் 1952. ஹாரி ஸ்மித் என்ற விசித்திரமான ஆசாமி, தான் சேர்த்து வைத்திருந்த பழைய 78 சுற்று இசைத்தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஃபோக்வேஸ் நிறுவனம் மூலம் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். 60களின் ஃபோக் அலையில் வந்த பிள்ளைகளுக்கு அதுதான் பாடப்புத்தகம். கவனித்தால், ஊர் அப்போதே நழுவ ஆரம்பித்துவிட்டது. மிசிசிப்பியின் அவலான் கிராமத்துப் பாட்டை நகரத்து மாணவன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து ஊசியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக் கற்றுக்கொள்கிறான். அந்தத் தொகுப்பில் இருந்த மிசிசிப்பி ஜான் ஹர்ட் செத்துப்போயிருப்பார் என்றே பலர் நினைத்தார்கள். அவர் 1928இல் பாடிய ஒரு பாட்டில் ஊர்ப்பெயர் வருகிறதே என்று 1963இல் தேடிப் போனால், மனிதர் அவலானிலேயே விவசாய வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறார். கேட்கிறவர்களுக்கு அவர் ஒரு இசைத்தட்டு, அவ்வளவுதான். அவருக்கு ஒரு ஊர் இருந்தது என்பது ஒரு கண்டுபிடிப்பாகிவிட்டது.

1979இல் டீயாக் நிறுவனம் டாஸ்காம் என்ற பெயரில் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் இருந்த அதே கேசட்தான் அதற்கும். சாதாரண ஸ்டீரியோ ரெக்கார்டர் கேசட்டின் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், திருப்பிப் போட்டால் இரண்டு தடம் என்று பிரித்துக்கொள்ளும். இந்தப் பெட்டி நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். முதல் தடத்தில் கிட்டார் வாசிக்கலாம். அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி இரண்டாவதில் பாடலாம். இரண்டையும் கேட்டபடி மூன்றாவதில் அதே வரியை இன்னொரு சுதியில் பாடலாம். ஒருவரே பல குரலாவது ஸ்டுடியோவில் முன்பே இருந்த வித்தைதான். லெஸ் பாலும் மேரி ஃபோர்டும் 50களின் தொடக்கத்திலேயே அதை வைத்து ஹிட் கொடுத்தவர்கள். இப்போது அது படுக்கையறைக்கு வந்துவிட்டது. வில்லுப்பாட்டிலும் பஜனையிலும் பின்பாட்டுக்கு ஆள் வேண்டும். இந்தப் பெட்டி இருந்தால் தனக்குத் தானே பின்பாட்டுப் பாடிக்கொள்ளலாம்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சி வீட்டுப் படுக்கையறையில் அப்படி ஒரு பெட்டியை வைத்து, உதவிக்கு ஒரே ஒரு ஆளுடன் சில பாட்டுகளைப் பதிந்தார். இசைக்குழுவுக்குப் போட்டுக்காட்ட ஒரு மாதிரி, அவ்வளவுதான் எண்ணம். உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுற்றிய கேசட் அது. பிறகு பெரிய ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தால் உயிர் போய்விட்டது. கடைசியில் அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். 'நெப்ராஸ்கா' ஃபோக்கா ராக்கா என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. ஆள் தனியாக இருப்பதும் அந்த அறையின் இரைச்சலும் பாட்டின் பகுதி, திருத்த வேண்டிய பிழை இல்லை என்று ஒரு பெரிய நட்சத்திரம் ஒப்புக்கொண்டது அதில்தான்.

அதற்கு 12 வருடம் கழித்து எலியட் ஸ்மித். போர்ட்லாண்டில் ஹீட்மைசர் என்ற இரைச்சலான ராக் குழுவில் இருந்துகொண்டே, ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நான்கு தடப் பெட்டியில் ரகசியம் மாதிரிப் பாடி வைத்தவை 1994இல் 'ரோமன் கேண்டில்' ஆனது. அவர் பாடுவதைக் கேட்டால் யாரோ நம் காதுக்குப் பக்கத்தில் முணுமுணுப்பது போல இருக்கும். கூர்ந்து கேட்டால் முணுமுணுப்பது ஒருவர் இல்லை, இருவர். ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது அவர் வழக்கம். எவ்வளவு கவனமாகப் பாடினாலும் இரண்டாவது முறை மூச்சு ஒரு இழை முன்பின் போகும், ஒரு மெய்யெழுத்து கொஞ்சம் தாமதிக்கும். இரண்டு பிரதிகளுக்கு நடுவே உள்ள அந்த டிஃப்தான் அவருடைய குரல். தனிமையைப் பற்றிப் பாடுகிற ஒருவன் தன்னையே துணைக்கு வைத்துக்கொண்டு பாடுகிறான். 'குட் வில் ஹன்டிங்' படப் பாட்டுக்காக 1998 ஆஸ்கர் மேடையில் வெள்ளை கோட் போட்டுக்கொண்டு நின்றபோது அந்தத் துணை இல்லை. அந்தப் பிரம்மாண்டத்தில் ஒற்றைக் குரல் எவ்வளவு மெலிசாகக் கேட்கிறது என்று பாருங்கள். அந்த வருடம் பரிசு 'டைட்டானிக்' பாட்டுக்குப் போனது. வேறெப்படி இருக்கும்.

இதற்கு நேர் எதிராக மவுன்டன் கோட்ஸின் ஜான் டார்னியல். தடங்கள், அடுக்குகள் எதுவும் கிடையாது. ஒரு பானசோனிக் பூம்பாக்ஸ், அதிலேயே உள்ள மைக், ஒரு கிட்டார். பொத்தானை அழுத்திவிட்டுக் கத்திப் பாட வேண்டியதுதான். 2002இல் வந்த 'ஆல் ஹெய்ல் வெஸ்ட் டெக்சாஸ்' முழுக்க அந்தப் பூம்பாக்ஸின் மோட்டார் கிறுகிறுவென்று சுற்றுவது கேட்கும். தம்பூரா மாதிரி. சும்மா சொல்லக் கூடாது, இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்த பின்பாட்டு அந்த மோட்டார்தான்.

நடுவில் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும், காலம் கொஞ்சம் பின்னால் போனாலும். வாஷ்டி பன்யன் 1968இல் லண்டனிலிருந்து குதிரை வண்டியில் வடக்கே கிளம்பினார். கூட அவர் காதலர், ஒரு நாய், பெஸ் என்ற குதிரை. பாடகர் டோனோவன் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் கலைஞர்களுக்காக ஒரு குடியிருப்பு அமைக்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்த ஊரைத் தேடிப் பயணம். குதிரை வண்டி வேகத்தில் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். வழியில் எழுதிய பாட்டுகள்தான் 1970இல் வந்த 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே'. யாரும் வாங்கவில்லை. அவர் பாடுவதையே விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கப் போனார். 2000இல் ஆல்பம் மறுபடி வெளியாகி, அதைக் கேட்டு வளர்ந்த டெவேந்திர பன்ஹார்ட், ஜோவன்னா நியூசம் போன்ற இளசுகள் கூட வாசிக்க, 2005இல்தான் அவருடைய இரண்டாவது ஆல்பம். தேடிப் போன ஊர் முப்பத்தைந்து வருடம் தாமதமாக அவரைத் தேடி வந்தது. இந்த இசையின் தொன்மக் கதையாக இதைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டிருப்பதோ இன்னொரு கதையை.

அந்த இன்னொரு கதை உங்களுக்கே தெரியும். ஜஸ்டின் வெர்னான். இசைக்குழு உடைந்தது, காதல் உடைந்தது, மோனோநியூக்ளியோசிஸ் வந்து கல்லீரலும் படுத்தது. 2006 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குத் தனியாகப் போய் மூன்று மாதம் கிடந்தார். வெளியே வரும்போது கையில் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. பான் ஐவர் என்ற பெயரில் 2007இல் தானே வெளியிட்டார், 2008இல் ஜாக்ஜாகுவார் லேபிள் எடுத்துக்கொண்டது. விமர்சகர்கள் அத்தனை பேரும் குடிலைப் பற்றியே எழுதினார்கள். பனி, விறகு, சுட்ட மான். அந்தக் குடிலில் கரண்ட் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, பித்தளை வாத்தியங்கள் பிற்பாடு மற்றவர்கள் வாசித்துச் சேர்த்தவை என்பதெல்லாம் அந்தக் கதையில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. 'ஊரை விட்டு ஓடிய ஆண், காட்டில் உண்மையைக் கண்டான்' என்ற கதைக்கு எப்போதும் நல்ல மார்க்கெட். நமக்கும் அது புதிதில்லையே, எத்தனை பேர் துறவுக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.

ஆனால் ஆல்பத்தைக் கேட்டால் ஆள் தனியாக இல்லை. 'லம்ப் சம்' ஒரு மடாலயத்துச் சேர்ந்திசை போல ஆரம்பிக்கிறது. 'தி வுல்வ்ஸ்' பாட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் புதிய குரல்கள் ஏறி, கடைசியில் ஒரு கூட்டமே கதறுகிற மாதிரி ஆகிவிடுகிறது. எல்லாக் குரலும் வெர்னானுடையவை. முந்தைய குழுவில் கனத்த கட்டைக் குரலில் பாடியவர், இங்கே உச்சஸ்தாயிக்குப் போனார். தமிழில் அதற்குக் கள்ளக்குரல் என்று ஒரு அருமையான சொல் உண்டு. தன் குரலை விட்டு வேறு யாருடைய குரலுக்கோ போவது. வார்த்தைகூட அவர் முதலில் எழுதவில்லை. அர்த்தமில்லாத ஒலிகளாகப் பாடிப் பதிந்துவிட்டு, அந்த ஒலிகளைக் கேட்டு அவற்றுக்குள் என்ன சொல் இருக்கிறது என்று தேடி எழுதினார். பாட்டு ஏற்கெனவே யாரோ பாடிவைத்தது போலவும், இவர் அதைக் காது கொடுத்துப் பிரதி எடுப்பது போலவும். லோமாக்ஸ் சிறைக்குப் போய்ச் செய்த வேலையை இவர் தன்னிடமே செய்திருக்கிறார். ஊர் இல்லாத ஒருவன் தன் ஒரே தொண்டையிலிருந்து ஒரு ஊரைத் திரட்டுகிறான். எனக்கு இந்த இசையின் மையம் இதுதான். அமைதி, இயற்கை என்று ஸ்பாவில் போடுகிற சங்கதி எல்லாம் மேல்பூச்சு.

இப்படிப் பார்த்தால் அப்புறம் வந்த குழப்பங்கள் சிலவும் தெளிகின்றன. 2008இல் ஃப்ளீட் ஃபாக்சஸ் நிஜமாகவே நான்கைந்து பேர் சேர்ந்து இழைத்துப் பாடி அசத்தினார்கள். அதற்கடுத்து மம்ஃபோர்டு அன்ட் சன்ஸ், லூமினியர்ஸ் என்று காலால் தரையை உதைத்து, கைதட்டி, 'ஹே' போடுகிற அலை. 2013இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி 'பேபல்' ஆல்பத்துக்கே போனது. அந்தச் சத்தம் பிறகு எத்தனை விளம்பரங்களில் ஒலித்தது என்று எண்ணி மாளாது. மைதானத்தில் பத்தாயிரம் பேர் ஒன்றாகக் கத்துவதில் சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஊர் ரெடிமேடாக வருகிறது. 'ஹே' எங்கே போட வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. எலியட் ஸ்மித்தின் இரண்டு குரல்களுக்கு நடுவே இருந்த அந்த மயிரிழை இடைவெளிக்கு அதில் இடமில்லை. எல்லோரும் ஒரே தாளத்தில் மிதிக்கிறார்கள்.

வெர்னான் 2016இல் '22, எ மில்லியன்' போட்டபோது பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கிட்டார் எங்கே, ஏன் இந்த ரோபோக் குரல், கான்யே வெஸ்ட்டோடு சேர்ந்து கெட்டுப்போய்விட்டான் என்று. அதில் '715 - க்ரீக்ஸ்' என்ற பாட்டில் வாத்தியமே கிடையாது. ஒலிப்பொறியாளர் கிறிஸ் மெஸ்ஸினாவின் பெயரால் 'மெஸ்ஸினா' என்றே அழைக்கப்படுகிற ஒரு ஏற்பாடு. பாடப் பாட, அந்தக் கணத்திலேயே ஒரு குரலைப் பல சுதிகளில் பிரித்துக் கூட்டமாக்கிவிடும். குடிலில் ஒவ்வொரு தடமாகப் பாடிப் பாடி அடுக்கியதை இப்போது ஒரே மூச்சில் செய்ய முடிகிறது. எனக்கு இதில் எந்தத் துரோகமும் தெரியவில்லை. 2009இலேயே 'வுட்ஸ்' என்ற பாட்டில் ஆட்டோட்யூன் குரல்களை மட்டும் அடுக்கிக் காட்டியவர்தான். கான்யே எடுத்தாண்டதும் அதைத்தான். கருவி மாறியது, வேலை அதே வேலை. உண்மையான குரல், எந்திரக் குரல் என்று பிரிக்கிறவர்கள் நான்கு தடக் கேசட்டையும் எந்திரமாக எண்ணியிருக்க வேண்டும். அதில் இரைச்சல் இருந்ததால் அதை மனிதன் என்று நினைத்துவிட்டோம்.

2020 ஜூலையில் டெய்லர் ஸ்விஃப்ட் 'ஃபோக்லோர்' வெளியிட்டார். பெயரே நாட்டார் வழக்காறு. தொற்றுக்காலம், எல்லோரும் வீட்டுக்குள். ஆரோன் டெஸ்னர் நியூயார்க் மாநிலத்தில் தன் ஸ்டுடியோவிலிருந்து இசையை அனுப்ப, ஸ்விஃப்ட் லாஸ் ஏஞ்சலீஸ் வீட்டிலிருந்து பாடி அனுப்பினார். ஃபைல் போகும், ஃபைல் வரும். நாங்கள் அந்த வருடம் முழுக்க வேலை பார்த்த லட்சணமும் அதுதான், எங்களுக்கு கிராமி கிடைக்கவில்லை. அதில் 'எக்ஸைல்' என்ற ஜோடிப் பாட்டை ஸ்விஃப்ட்டுடன் பாடியது வெர்னான். பிரிந்துபோன இருவர், பாட்டின் பிற்பகுதியில் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். இவர் வரியின் மேல் அவர் வரி ஏறும். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழவே இல்லை என்கிற மாதிரி. உண்மையிலேயே விழவில்லை, பதிவின்போது இருவரும் வெவ்வேறு ஊரில் இருந்தார்கள். அந்த நவம்பரில் ஆல்பத்தைப் பற்றி ஒரு படம் வந்தது. அதற்காக ஸ்விஃப்ட், டெஸ்னர், இன்னொரு தயாரிப்பாளரான ஜாக் ஆன்டனாஃப் மூன்று பேரும் முதல் முறையாக ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளை வாசித்தார்கள். 'எக்ஸைல்' வந்தபோது வெர்னான் மட்டும் விஸ்கான்சினிலிருந்து, காதில் ஹெட்ஃபோனோடு, ஒரு திரையில் பாடினார்.