நுளம்பும் கொசுவும்

வவுனியாவில் நண்பர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பி.எச்.ஐ. வந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நம் ஊர் எச்.ஐ. மாதிரி. "இந்தியாவிலயிருந்து வந்திருக்கிறியளாம். காய்ச்சல் ஏதும் இருக்கோ? மலேரியாவுக்கு ஒருக்கா ரத்தம் பாப்பம்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. கல்வராயன் மலை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த காலம் தொட்டு, 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும், அடுத்தவர் விரலில் ஊசி குத்தியவன் நான்.

மலேரியா விஷயத்தில் இலங்கைக்காரர்கள் நிமிர்ந்து பேச இடமிருக்கிறது. உள்ளூர்ப் பரவலை 2012-லேயே நிறுத்தி, 2016-ல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றும் வாங்கிவிட்டார்கள். 1963-ல் நாடு முழுக்க 17 பேர்தான் என்று அசந்திருந்தபோது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்த காய்ச்சல் அது. சூடு கண்ட பூனை. அதனால்தான் என் விரல். ஆனாலும் சுற்றிலும் கடல் அவர்களுக்கு.

எங்களுக்கு ஏது கடல்? வெள்ளிமலைப் பக்கத்து மலையாளி இளைஞர்கள் (கேரளத்தார் அல்லர், மலைவாழ் பழங்குடிகள்) கூலிக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று போய்ப் பொங்கலுக்குத் திரும்புவார்கள். எவன் வந்திருக்கிறான், எவன் கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறான் என்பது நர்ஸம்மாவுக்குத் தெரியும். ஓடை தாண்டி நடந்து போய் ரத்தத் தடவல் எடுப்பார். மலேரியா என்றால் பிரைமாகுயின் மாத்திரை 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பையன் மாத்திரையைக் கூரையில் செருகிவிடுவான். மீதியை விழுங்கவைப்பதுதான் நோய்த்தடுப்பு. இலங்கையிலும் அதே 14 நாள்தானாம்.

சொற்கள்தான் மயக்குகின்றன. நம் கொசு அங்கே நுளம்பு, கொசுப்புழு குடம்பி, தட்டம்மை சின்னமுத்து. டைபாய்டுக்கு 'நெருப்புக் காய்ச்சல்' என்கிறார்கள்; இதில் தோற்றோம். ஆனால் அவர்களின் கூகைக்கட்டைவிட நம் பொன்னுக்கு வீங்கி அழகு.

தொற்றுநோய்ச் சட்டம் இரு கரையிலும் ஒரே வயது, 1897. அங்கே 2007 நுளம்புச் சட்டமும் உண்டு. சிரட்டையில் தண்ணீர் நின்றால் வழக்காம். நான் தங்கிய ஐந்து நாளில் பார்க்கவில்லை, நண்பர் சொன்னதுதான். எங்களிடமும் 1939 பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. மலையில் அதைக் காட்டினால் அடுத்த முறை கதவு திறக்காது. கொட்டாங்குச்சியை நாமே கவிழ்த்துவிட்டு, வீட்டம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வரவேண்டும்.

ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று மறுநாள் தொலைபேசியில் சொன்னார்கள். எங்கள் மலையில் என்றால் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து சொல்லியிருப்பார்.