ஆசிரியர் பெயரில்லாத புத்தகம்

இதுவரை நான் மதிப்புரை எழுதிய புத்தகங்களுக்கெல்லாம் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். குறை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புகழ்ந்தால் அடுத்த புத்தகத்தையும் அனுப்பி வைப்பார். இப்போது என் மேஜைமேல் இருக்கும் புத்தகத்துக்கு ஆசிரியர் இல்லை. கதாநாயகனும் இல்லை. ஆனால் திருச்சியை ஒட்டிய எங்கள் காட்டூரில் வயது வந்தவர்கள் அத்தனை பேரும் அதில் பாத்திரங்களாக இருக்க வேண்டும். வோட்டர் ஜாபிதாவைத்தான் சொல்கிறேன்.

இதைப் போய் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாவல் தேறுமா என்று பார்க்க நான் கதாநாயகனைப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கம் வந்து போகும் பால்காரனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஜாபிதாவுக்கும் அதே உரைகல்தான். சொந்த வீட்டுக்காரர் பெயர் எப்படியும் இருக்கும். ஒண்டுக்குடித்தனக்காரன், புருஷனை விட்டுப் பிரிந்து வந்தவள், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக அலையும் கிழவி, இவர்கள் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

இந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பு உருவான கதையை ஓர்னித் ஷானி என்ற இஸ்ரேலிய சரித்திர ஆசிரியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2018-ல் வெளிவந்த நூல் அது. நாவலாசிரியன் பொறாமைப்படும்படியான கதை. 1935-ஆம் வருஷச் சட்டப்படி சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் வோட்டு. பல ஸ்திரீகளுக்குக் கணவன் சொத்தைக் கொண்டுதான் அது கிடைத்தது. அந்தப் பழக்கத்தில் ஊறிய குமாஸ்தாக்களிடம், 1947 நவம்பர் முதற்கொண்டு, அரசியல் சட்டம் எழுதி முடிவதற்கு முன்பே, இருபத்தொரு வயதான ஒவ்வொருவரையும் எழுதுவதற்கான ஏற்பாடு ஒப்படைக்கப்பட்டது. பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்த அகதியிடம் தஸ்தாவேஜு கேட்கவில்லை. இந்த ஊரில் நிரந்தரமாக வசிக்கப் போகிறேன் என்று அவன் சொன்ன வார்த்தையை ஏற்றுத் தாற்காலிகமாகப் பெயரை எழுதிக்கொண்டார்கள். இப்படிச் சேர்ந்தவை 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்று எவரையும் கேட்கவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பு மக்களை எழுத்தறிவுப் பரீட்சை வைத்து வாசலிலேயே நிறுத்திய வழக்கத்தின்மேல் சட்டம் கை வைக்க 1965 வரை ஆயிற்று என்பதை நினைத்தால் இதன் பெருமை தெரியும்.

முதல் பதிப்பில் ஒரு பெரிய பிழையும் உண்டு. வட மாகாணங்களில் பல பெண்கள் அந்நிய ஆடவனிடம் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்னார்கள். முதல் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்றார். பீஹாரில் தவணை நீட்டிக்கப்பட்டது. பலர் பெயரைச் சொன்னார்கள். அப்படியும் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பெண்கள் 1951–52 தேர்தலில் விடுபட்டுப் போனார்கள். அடி பட்டால்தான் வழக்கம் மாறும் என்பது சென்னின் எண்ணம். பெண்ணுக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்றது சரி. அதற்கான தண்டனையை அந்தப் பெண்ணுக்கே கொடுத்ததுதான் என் மனசுக்கு ஒப்பவில்லை.

நம் பக்கத்துப் பெண்கள் தம் பெயரைச் சொல்லத் தயங்குவதில்லை. புருஷன் பெயர்தான் வாயில் வராது. பெல் ஆலையையும் பொன்மலைப் பணிமனையையும் நம்பிக் காட்டூருக்குக் குடிவந்தவர்கள் நிறைய. எதிர்வீட்டு அம்மாள் அப்படிப் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாக வந்த படிவம், 2002 அல்லது 2005 ஜாபிதாவில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் குறிக்கச் சொன்னது. "எங்கப்பா பேரு தெரியும் தம்பி, பாகம் எண்ணுக்கு நான் எங்கே போவேன்?" என்றார் அம்மாள். படிவத்தை அலமாரியில் வைத்துவிட்டு மகள் பிரசவத்துக்குப் போய்விட்டார். யாரைக் குறை சொல்வது? படிவம் கொண்டுவந்த அங்கன்வாடிப் பெண் மூன்று முறை வந்து கதவைத் தட்டினாள்.

டிசம்பர் 19-ல் வெளியான வரைவில், 6 கோடியே 41 லட்சமாக இருந்த தமிழ்நாட்டுப் பெயர்களில் 97 லட்சத்துக்கு மேல் காணவில்லை. இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். இடம் பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் 66 லட்சத்துக்கு மேல். அம்மாளும் அந்தக் கணக்கில்தான் போயிருக்க வேண்டும்.

ஜாபிதா பருத்திருந்தால் மட்டும் நல்லதாகிவிடாது. செத்தவர் பெயரையும் இரட்டைப் பெயரையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பிழைகளும் ஒரே எடை அல்ல. செத்தவர் பெயர் தங்கிவிட்டால், எவனாவது ஆள்மாறாட்டம் செய்யத் துணிந்தால்தான் தீங்கு. உயிரோடிருப்பவர் பெயர் போய்விட்டால் தீங்கு அப்போதே நடந்து முடிந்துவிட்டது. 1948-ல் அகதியின் சொல்லை நம்பிச் சர்க்கார் சுமையைத் தன் தோளில் போட்டுக்கொண்டது. இப்போது அந்தச் சுமையில் ஒரு பங்கு கிராமத்து அம்மாளின் தோளுக்கு மாறியிருக்கிறது. இந்தப் பதிப்பின் குறை அதுதான்.

ஜனவரியில் அம்மாளும் நானும் ஆறாம் எண் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். கணவர் பெயர் என்ற கட்டம் வந்ததும் சிரித்தார். "ஸ்ரீரங்கத்துல படுத்திருக்காரே, அந்தச் சாமி பேருதான்" என்றார். ரங்கநாதனா, ரங்கராஜனா? ஓர் எழுத்து தவறினாலும் ஆதாரோடு ஒத்துப்போகாது. கடைசியில் பேரன் வந்து சொன்னான்.

பிறகு வந்த ஜாபிதாவில் பெயர் இருந்தது. அம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரலை வைத்துத் தன் பெயரை உரக்கப் படித்தார். அடுத்த வரியை மட்டும் மனசுக்குள் படித்துக்கொண்டார்.