மூண்டது என்றால் மூட்டியது யார்?

கமுதியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எங்க தெருப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன் உலக வரலாற்றுக் கையேடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் 'அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள்' என்று ஒரு பக்கம். 1861 உள்நாட்டுப் போர், 1917 முதல் உலகப்போரில் நுழைவு, 1941 பேர்ல் துறைமுகம், 1950 கொரியா, 1957 லிட்டில் ராக், 1975 சைகோன் வீழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஜனாதிபதி பெயர். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அண்ணே, 57னா நம்ம பக்கம் கலவரம் நடந்த வருசம்ல?"

"ஆமாடா" என்றேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. அவன் சொன்ன வருசத்துக்குத்தான் ஆமாம் போட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்கும் சேர்த்தல்லவா போட்டுவிட்டேன்.

வருசம் மட்டுமில்லை, மாதமே ஒன்றுதான். 1957 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவில் ஐசன்ஹோவர் ஒரு குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காக 1875க்குப் பிறகு அந்த நாடு கொண்டுவந்த முதல் குடியுரிமைச் சட்டம். மறுநாள், 10ஆம் தேதி, முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டம். முத்துராமலிங்கத் தேவர் வந்திருந்த அந்தக் கூட்டத்தில் இமானுவேல் சேகரனும் ஒரு பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார். 11ஆம் தேதி ராத்திரி பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். 24ஆம் தேதி லிட்டில் ராக் பள்ளிக்கூடத்துக்குள் ஒன்பது கறுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஐசன்ஹோவர் பாராசூட் படையை அனுப்புகிறார். அதே நாட்களில் நம்ம பக்கம் கூரைகள் எரிந்துகொண்டிருந்தன.

அங்கே நடந்ததற்குத் தமிழில் 'திருப்புமுனை' என்று பெயர். இங்கே நடந்ததற்குக் 'கலவரம்'. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

எம்.ஏ. தமிழ் படித்த புத்தி முதலில் இலக்கணத்துக்குத்தான் போகிறது. 1957 பற்றி எழுதுகிறவர்கள் எழுதுகிற வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'இமானுவேல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது.' இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். இமானுவேல் எங்கே நிற்கிறார்? 'தொடர்ந்து' என்கிற வினையெச்சத்துக்கு முன்னால் நிற்கிறார். அவர் பெயரில் ஒரு முற்று இல்லை. அவர் எதையும் செய்ததாக வாக்கியம் சொல்லவில்லை. 'கொல்லப்பட்டார்' என்பதில் கொன்றவன் மறைந்துவிடுகிறான். பிறகு வருகிறது 'மூண்டது'. தன்வினை. மழை பெய்தது, காற்று அடித்தது என்கிற மாதிரி கலவரம் தானாகவே மூண்டுவிட்டது. அதன் பிறவினை 'மூட்டினார்'. அந்த வடிவத்துக்கு எழுவாய் வேண்டும், ஆள் வேண்டும். அதனால்தான் அதை யாரும் எழுதுவதில்லை.

டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'முதுகுளத்தூர் பயங்கரம்', தினகரனின் 'முதுகுளத்தூர் கலவரம்' ஆகிய இரண்டும் நிகழ்ச்சியின் சூடு ஆறுவதற்குள் வந்தவை. அவை இல்லாவிட்டால் நமக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பும் இருந்திருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் தலைப்புகளைப் பாருங்கள். ஒன்றில் ஊருக்குப் பயங்கரம், இன்னொன்றில் ஊருக்குக் கலவரம். 2017இல் கா.அ. மணிக்குமார் ஆங்கிலத்தில் எழுதிய நூல்தான் 'கொலை' என்கிற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தது. அந்தச் சொல் ஒரு தலைப்புக்கு வந்துசேர 60 வருசம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு துல்சாவைக் காட்டலாம். 1921 மே 31 ராத்திரி தொடங்கி ஜூன் 1 வரை, ஓக்லஹோமா மாநிலத்து துல்சா நகரத்தில் கிரீன்வுட் என்கிற கறுப்பர் பகுதியை வெள்ளைக் கும்பல் கொளுத்தியது. ஆயிரத்துக்கு மேல் வீடுகள், கடைகள், தேவாலயங்கள். செத்தவர்கள் 100 முதல் 300 வரை இருக்கலாம் என்கிறார்கள். சிறையில் இருந்த ஒரு கறுப்பு இளைஞனை இழுத்துப்போய்த் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, அவனைக் காக்க கறுப்பர்கள் துப்பாக்கியோடு போய் நின்றார்கள். அவர்களில் முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததற்கு அரசும் பத்திரிகைகளும் வைத்த பெயர் 'இனக் கலவரம்'. வீடும் கடையும் இழந்தவர்கள் இன்சூரன்ஸ் பணம் கேட்டுப் போனபோது, பத்திரத்தில் ஒரு விதி இருந்தது: கலவரத்தில் அழிந்த சொத்துக்கு நஷ்டஈடு கிடையாது. ஒரு சொல் அவர்கள் சட்டைப் பையிலிருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டது. அந்த நிகழ்ச்சியைப் 'படுகொலை' என்று அமெரிக்கா பரவலாகச் சொல்லத் தொடங்கியது கடந்த சில வருசங்களில்தான்.

இங்கே இன்சூரன்ஸ் இல்லை, ஸ்டேஷன் இருக்கிறது. சில வருசங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்தில் எங்க பிள்ளைகளை அடித்தார்கள். ஒருவனுக்குக் கை முறிந்தது. புகார் கொடுக்கப் போனோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதியச் சொன்னோம். முதல் தகவல் அறிக்கையில் 'இரு பிரிவினரிடையே ஏற்பட்ட மோதல்' என்று எழுதியிருந்தது. எங்க பையன்கள் மேலேயும் ஒரு எதிர்வழக்கு. மருந்துக்கு அலைவதா, ஜாமீனுக்கு அலைவதா? எட்டு மாதத்தில் பையனின் அப்பாவே "சமாதானமாப் போயிரலாம் தம்பி" என்று என் கையைப் பிடித்தார். 'ஏற்பட்ட' என்றால் யார் ஏற்படுத்தியது என்று அன்றைக்கு நான் இலக்கணம் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1957 செப்டம்பர் 14இல் கீழத்தூவலில் மறவர்கள் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதுவும் கொலைதான். அதைக் 'கலவரத்தின் போது' என்று சொல்லித் தாண்டிப்போக எனக்கு மனசு வராது. கொலை வழக்கில் தேவர் குற்றம் சாட்டப்பட்டு, 1959 ஜனவரியில் விடுதலையானார். அதுவும் வரலாறு. நான் கேட்பது பழி தீர்க்க இல்லை. எழுவாய் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். எரித்தவனுக்கு எழுவாய் கேட்கிற நாம் சுட்டவனுக்கும் கேட்போம்.

அமெரிக்கப் பக்கத்துக்குத் திரும்பி வருகிறேன். அந்தக் கையேட்டில் போர் என்றால் தளபதி, ஜனாதிபதி, ஒப்பந்தம். போருக்குப் போய்த் திரும்பிய கறுப்புச் சிப்பாய் எங்கேயும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர்கள் தனிப் பிரிவுகளில் நிறுத்தப்பட்டுச் சேவை செய்தார்கள். ஹிட்லரின் இனவெறியை ஒழிக்கப் போன படைக்குள்ளேயே தனித் தட்டு, தனிப் படுக்கை. ஐசக் வுடார்ட் என்கிற சார்ஜண்ட் 1946 பிப்ரவரியில் ராணுவத்திலிருந்து விடுபட்ட அன்றைக்கே, சீருடையோடு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தென் கரோலினாவில் ஒரு போலீஸ் தலைவன் தடியால் குத்திக் கண் இரண்டையும் பறித்தான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவனை விடுதலை செய்தது. 1948 ஜூலையில் ட்ரூமன் ராணுவத்தில் பாகுபாட்டை நீக்க உத்தரவிட்டதற்குப் பின்னால் அந்தக் கண்கள் இருக்கின்றன. கையேட்டில் ட்ரூமன் இருக்கிறார். வுடார்ட் இல்லை.

மெட்கர் எவர்ஸ் 1925இல் மிசிசிப்பியில் பிறந்தவர். இமானுவேல் 1924 அக்டோபரில் செல்லூரில் பிறந்தவர். ஒன்பது மாதம்தான் வித்தியாசம், கூடப் படித்திருக்க வேண்டிய வயசு. அவர் நார்மண்டிக்குப் போன சிப்பாய். இவர் 1945இல் ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் ஊருக்குத் திரும்பி 1946இல் ஓட்டுப் போடப் போனார். துப்பாக்கியோடு நின்று விரட்டினார்கள். இவர் ஊருக்குத் திரும்பி இரட்டைக் குவளையை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். இருவரும் எல்லையில் சாகவில்லை, சொந்த ஊர்ப் பக்கத்தில்தான் செத்தார்கள். எவர்ஸை 1963 ஜூன் 12இல் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். கொன்றவனுக்குத் தண்டனை கிடைத்தது 1994இல். எவர்ஸின் மனைவி 30 வருசம் விடாமல் அந்த வழக்கைப் பிடித்து நின்றார்.

சீருடை போட்டவனை ஏன் இத்தனை ஆத்திரத்தோடு கொல்கிறார்கள்? படைக்குப் போனவன் நிமிர்ந்து நடக்கப் பழகிவிடுகிறான். மேலதிகாரிக்கு மட்டும்தான் சல்யூட் என்று ஆகிவிடுகிறது. ஊரில் எல்லாருக்கும் குனிய உடம்பு மறந்துபோகிறது. சமாதானக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசியதே அவருடைய குற்றம் என்று எங்க பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒரு நாற்காலிக்காகப் போன உயிர்.

நம்ம ஆட்களையும் நான் விடப்போவதில்லை. 'ஏழு தலைமுறைகள்' படித்து அழுத தலைமுறை நாம். குண்டா கிண்டேயின் காலை வெட்டியது நமக்குத் தெரியும். ஆனால் இமானுவேல் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த முகாமில் சாப்பிட்டார், அங்கே அவருக்குக் கீழே யார் யார் நின்றார்கள், கேட்டால் போஸ்டர்தான் காட்டுகிறோம். 'தியாகி', 'மாவீரர்' என்று நான்கு அடைமொழி. அடைமொழிக்கு மேல் அடைமொழி. முற்று இல்லாமல் நாமும்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2010இல் தபால்தலை வந்தபோது கொண்டாடினோம். மறு வருசம் செப்டம்பர் 11இல் பரமக்குடியில் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். விசாரணை ஆணையம் துப்பாக்கிச்சூடு தவிர்க்க முடியாதது என்றது. அதற்கும் பத்திரிகையில் என்ன பெயர் வந்தது? 'பரமக்குடி கலவரம்'.

என் அப்பத்தாவுக்கு 57இல் பத்து வயசு. அவள் வாயில் கலவரம் என்கிற சொல்லை நான் கேட்டதே இல்லை. 'ஓடுன வருசம்' என்பாள். "ஒங்க தாத்தன் என்னியக் கட்டுனது, நாங்க ஓடுன வருசத்துக்கு ஆறாம் வருசம்டா." "கம்மாக்கரையில படுத்துக் கெடந்தம். எங்காத்தா கையில அடுப்புல இருந்து எறக்குன சோத்துப் பானை. சுடுதுன்னு தெரியாமத் தூக்கிட்டு வந்துட்டா." எழுவாய் அவள், பயனிலை அவள் ஓடியது. விரட்டியவன் பெயரையும் ஊரையும் சொல்லுவாள், நான் இங்கே எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள். மூன்று வருசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். கேசட்டோ போனோ எதிலும் அந்தக் குரலைப் பிடித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

எங்க தெருக் கடைசி வீட்டில் ஒரு ராணுவத் தாத்தா இருக்கிறார். 1965, 1971 இரண்டு போரும் பார்த்தவர். தகரப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், இரண்டு மெடல். கையேட்டோடு வந்த அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். போர் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார். "அங்க என்னத்தப்பா, சொன்னாச் சுட வேண்டியது" என்கிறார். லீவில் ஊருக்கு வந்த கதையைக் கேட்டோம். மெதுவாகச் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே பூட்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வாராம். பையன் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டான், "ஏன் தாத்தா, யாரு கழத்தச் சொன்னா?"

தாத்தா ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்.